பாம்புக்கடிக்கு மாத்திரை வருமா? புது மருந்து ஆராய்ச்சியும் நம் டெல்டா வார்டுகளும்

வெண்ணாறு:
எல்லோருக்கும் வணக்கம். பார்ம்.டி. என்ற மருந்தியல் படிப்பில் நாலாம் வருஷம், சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். அடுத்த வருஷம் பிராஜெக்ட் எடுக்க வேண்டும், அதற்காகத் துழாவிக்கொண்டிருந்தபோது வரெஸ்பிளாடிப் என்ற மருந்தைப் பற்றிப் படித்தேன். பாம்புக்கடிக்கு வாய்வழி கொடுக்கிற மாத்திரையாம். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். நம் ஊரில் சம்பா நடவு, களையெடுப்பு, அறுவடை என்று எந்த வேலையைச் சொன்னாலும் பாம்பு கூடவே வருகிறது. வரப்பிலேயே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றால் எவ்வளவு பெரிய விஷயம்! என் கேள்வி இதுதான்: குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற விஷமுறிவு மருந்தான பழைய ஏ.எஸ்.வி. காலம் முடிகிறதா? பிராஜெக்ட் என்று எடுத்தால் புது மருந்து பக்கம் போவதா, வார்டு பக்கம் போவதா? எங்கள் சார் இரண்டையும் கலக்காதே என்கிறார்.

வெட்டாறு:
தம்பி, அந்த மாத்திரை வந்தால் முதல் ஆளாக வாங்கி வேட்டி மடிப்பில் முடிந்துகொள்வேன். முறைத் தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்குத்தான் மடையைத் திறக்கப் போக வேண்டும், டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடி விரியன் எது காய்ந்த சருகு எது என்று யாருக்குத் தெரியும்? கடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வரவே அரை மணி ஆகிவிடும், அப்புறம்தான் 108.

வடவாறு:
தஞ்சாவூர்க்காரன், இப்போது வெளியூரில் புரத வேதியியல் ஆய்வகத்தில் வேலை. வெண்ணாறு கேட்டதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரெஸ்பிளாடிப்பைப் பாம்புக்கடிக்கு என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. நம் உடம்பில் அழற்சி வரும்போது சுரக்கிற பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதியை அடக்க உருவாக்கிய மூலக்கூறு அது. ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், தேறவில்லை. பிறகு மாரடைப்பு நோயாளிகள் 5,000 பேருக்கு மேல் சேர்த்து விஸ்டா-16 என்ற பெரிய சோதனை நடத்தினார்கள். அதை 2012ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, பலன் இல்லை என்பது மட்டுமல்ல, மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு கூடியது. சாதாரணமாக அத்தோடு ஒரு மருந்தின் கதை முடிந்துவிடும்.

ஆனால் அதே வகை நொதி பாம்பு விஷத்தில் ஏராளமாக இருக்கிறது. கண்ணாடி விரியன் விஷத்தில் பெரும்பங்கு அதுதான், கட்டுவிரியனின் நரம்பு விஷத்திலும் அதன் உறவுக்காரன் உண்டு. அதனால் அலமாரியில் தூங்கிய மருந்தை எடுத்து எலிகளிலும் பன்றிகளிலும் பார்த்தார்கள், நன்றாக வேலை செய்தது. வாரக்கணக்கில் கொடுத்தபோது இதயத்துக்கு ஆகவில்லை என்றாலும், பாம்புக்கடிக்குச் சில நாள் மட்டுமே கொடுப்பதால் கணக்கு வேறு என்பது அவர்கள் வாதம்.

மனிதர்களிடம் நடந்த பிராவோ சோதனை 2024ல் வெளியாயிற்று. ஏ.எஸ்.வி.யோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், அதற்குப் பதிலாக அல்ல. முன்கூட்டியே தீர்மானித்த முக்கிய அளவுகோலில் மருந்துக்கும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத போலி மாத்திரைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. கடிபட்ட முதல் சில மணி நேரத்துக்குள் எடுத்தவர்களிடம் மட்டும் நல்ல அறிகுறி தெரிந்தது. இப்படிப் பின்னால் பிரித்துப் பார்க்கிற துணைக்குழுவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, அடுத்த சோதனைக்கு அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

இன்னொன்று, நல்ல பாம்புக்கு இது ஒத்துவராது. அதன் முக்கிய நரம்பு விஷம் மூன்று விரல் வடிவப் புரதம், நொதியே அல்ல. கண்ணாடி விரியனிலும் ரத்தம் உறையும் சங்கிலியைக் கெடுக்கிற வேறு நொதிகள் இருக்கின்றன, அவற்றை இது தொடாது. ஆகவே வெட்டாறு அண்ணே, மடிப்பில் முடிய இன்னும் நாள் இருக்கிறது.

கோரையாறு:
அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வடவாறு சொன்னதெல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் வெண்ணாறு, "பழைய ஏ.எஸ்.வி." என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அந்தப் பழைய மருந்தையே நாம் இன்னும் ஒழுங்காகப் பயன்படுத்தி முடிக்கவில்லை.

ஏன் முதல் டோஸ் 10 குப்பி என்று உங்கள் வகுப்பில் யாராவது கணக்குப் போட்டுக் காட்டினார்களா? நம் நாட்டு ஏ.எஸ்.வி. ஒரு மில்லி, கண்ணாடி விரியன் விஷம் 0.6 மில்லிகிராமை முறிக்கும், நல்ல பாம்புக்கும் அதே 0.6, கட்டுவிரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் 0.45. ஒரு குப்பி 10 மில்லி, அப்படியானால் 6 மில்லிகிராம். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக இறக்குவது 63 மில்லிகிராம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். இப்போது வகுத்துப் பார், பத்து வரும். அந்தப் பத்து யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதில்லை.

ஆனால் அது சராசரிதான். சில கடியில் 5 மில்லிகிராம்கூட இராது, சில கடியில் 140க்கு மேல். பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு 20 போட்டார்கள் எனக்குப் 10தான் போட்டார்கள், சிபாரிசு இல்லாததால்தானே என்று என்னிடமே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சிபாரிசெல்லாம் இல்லை. ரத்தம் உறைகிறதா என்று பார்த்து, உறையவில்லை என்றால் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி போடுவார்கள். ஆறு மணி நேரம் ஏன் என்றால், விஷம் முறிந்த பிறகும் உறைவதற்கு வேண்டிய பொருள்களைக் கல்லீரல் புதிதாகச் செய்து தர அவ்வளவு நேரம் வேண்டும். அதற்கு முன் அவசரப்பட்டுப் போட்டால் மருந்துதான் வீண்.

வெட்டாறு:
அப்போ சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி டோஸா?

கோரையாறு:
இல்லை. குழந்தைக்கும் அதே 10 குப்பிதான். மற்ற மருந்தெல்லாம் எடை பார்த்துக் குறைப்போம், இதில் கூடாது. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை, முறிக்க வேண்டியது விஷத்தைத்தானே. கர்ப்பிணிக்கும் அப்படியே. கலக்குகிற திரவத்தின் அளவைத்தான் குழந்தையின் எடைக்குத் தக்கபடி குறைப்பார்கள்.

முடிகொண்டான்:
எல்லோரும் இங்கிலீஷ் மருந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் தாத்தா காலத்தில் வேர் அரைத்துக் கொடுத்தே எத்தனை பேரைப் பிழைக்க வைத்தார்கள். சிறியாநங்கை வீட்டில் வைத்தாலே பாம்பு அண்டாது என்பார்கள். நன்னாரி வேர்ச் சாறு விஷத்தை முறிக்கிறது என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளே வந்திருக்கின்றன, அதையும் மறைத்துவிடாதீர்கள்.

வடவாறு:
மறைக்கவில்லை, வந்திருக்கின்றன. அவற்றில் செய்முறைப் பகுதியைப் படியுங்கள் சார். பெரும்பாலானவற்றில் விஷத்தையும் செடிச் சாற்றையும் சோதனைக் குழாயில் ஒன்றாகக் கலந்து, அரை மணி ஊறவைத்து, பிறகு எலிக்கு ஏற்றுகிறார்கள். துவர்ப்புள்ள எந்தச் சாற்றிலும் டானின் இருக்கும், அது புரதத்தைக் கண்ட இடத்தில் படிய வைத்துவிடும். விஷமும் புரதம்தான். கடுந்தேயிலைச் சாற்றை ஊற்றினாலும் ஓரளவு அப்படி நடக்கும். கடிபட்ட மனுஷன் உடம்பில் விஷம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, வயிற்றுக்குள் போன சாறு அதை எங்கே போய்ப் பிடிக்கும்?

பிழைத்தவர்கள் கணக்குக்கு வேறு காரணம். கடிக்கிற பாம்புகளில் நிறைய விஷமில்லாதவை, விஷப்பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அவர்கள் வேர் குடித்தாலும் பிழைப்பார்கள், பச்சைத் தண்ணீர் குடித்தாலும் பிழைப்பார்கள்.

முடிகொண்டான்:
அப்படியானால் உங்கள் ஏ.எஸ்.வி.யையும் எலிக்குப் போடும் முன் விஷத்தோடு கலந்து ஊறவைத்துத்தானே தரம் பார்க்கிறார்கள்? எங்களுக்கு ஒரு நியாயம் உங்களுக்கு ஒரு நியாயமா?

வடவாறு:
நல்ல கேள்வி, நிஜமாகவே. ஆமாம், ஏ.எஸ்.வி.யின் வீரியத்தை அளக்கும் அதிகாரபூர்வச் சோதனை அப்படித்தான், அதுவும் ஒரு குறைதான் என்று இந்தத் துறையிலேயே பேசுகிறார்கள். முதலில் விஷத்தை ஏற்றி, பிறகு மருந்தைக் கொடுத்துக் காப்பாற்ற முடிகிறதா என்று பார்க்கும் முறையும் இருக்கிறது, புது மூலக்கூறுகளை இப்போது அதிலும் தேற்றிக் காட்டச் சொல்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், ஏ.எஸ்.வி. கொடுத்த நோயாளிக்கு நின்றுபோன ரத்த உறைவு சில மணி நேரத்தில் திரும்புவதை வார்டில் கண்ணால் பார்க்கிறோம். நன்னாரிக்கு அப்படி ஒரு சான்று வரட்டும், நானே முதலில் எழுதுகிறேன்.

அரசலாறு:
கும்பகோணம் பக்கம், ஸ்டாஃப் நர்ஸ். ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பதைப் பற்றிக் கோரையாறு சார் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார், எனக்கு அதுதான் முக்கியம். இரண்டு மில்லி ரத்தம், புதிதான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது. கருவியே வேண்டாம், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம்.

இவ்வளவு எளிமையான சோதனையைக் கெடுக்க இரண்டே வழி. ஒன்று, பிளாஸ்டிக் குழாயில் எடுப்பது. இரண்டு, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயில் எடுப்பது. கண்ணாடியின் பரப்புதான் உறைவதைத் தூண்டுகிறது, பிளாஸ்டிக்கிலும் சோப்பு ஒட்டிய கண்ணாடியிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும். விஷமே ஏறாதவனுக்கு 10 குப்பி ஏறிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கண்ணாடிக் குழாய் கேட்டு எழுதினால் "இப்போதெல்லாம் யாரம்மா கண்ணாடி வாங்குகிறார்கள்" என்று பதில் வரும். வாங்கவே மாட்டார்கள்.

அப்புறம் கரைப்பது. ஏ.எஸ்.வி. உறைய வைத்து உலர்த்திய தூள். தண்ணீர் விட்டதும் அவசரத்தில் குலுக்கிவிடுவார்கள், நுரைத்துவிடும், நுரைத்தால் புரதம் கெடும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும், ஒவ்வொரு குப்பிக்கும் பொறுமை வேண்டும். பத்துக் குப்பி, பக்கத்தில் அழுகிற குடும்பம், வார்டில் ராத்திரி ஒரே நர்ஸ். இதற்கெல்லாம் புது மூலக்கூறு வேண்டாம், இன்னொரு ஜோடிக் கை இருந்தால் போதும்.

வெண்ணாறு:
அக்கா, டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்க்க வேண்டாமா? எங்கள் ஊரில் தோலில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்கள்.

அரசலாறு:
வேண்டாம் தம்பி. தோலில் குத்திப் பார்ப்பது யாருக்கு ஒவ்வாமை வரும் என்று சொல்வதில்லை. ஒன்றும் காட்டாதவனுக்கும் வரும், தடித்தவனுக்கும் வராமல் போகும். சிகிச்சை நெறிமுறையிலிருந்து அதை எடுத்துப் பல வருஷம் ஆகிறது, அதில் போகிற நேரம்தான் மிச்சம்.

ஒவ்வாமைக்கு அட்ரினலின் பக்கத்திலேயே ஏற்றித் தயாராக வைத்திருப்பதுதான் சரி. இலங்கையில் 1,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய சோதனை ஒன்று 2011ல் வெளியாயிற்று. ஏ.எஸ்.வி.க்கு முன்னால் தோலுக்கடியில் குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தால், முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. நம் வார்டுகளில் பழக்கமாகப் போடுகிற ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் அப்படித் தடுக்கவில்லை. சொல்லப்போனால், ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலின் தந்த பலனே குறைந்துபோனது. எவ்வளவு பேருக்கு இது தெரியும்? இன்றைக்கும் "ஹைட்ரோகார்ட் போட்டாச்சா சிஸ்டர்" என்றுதான் கேட்கிறார்கள்.

கோரையாறு:
அரசலாறு அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வாமை பயத்தாலேயே சின்ன ஆஸ்பத்திரிகளில் குப்பி அலமாரியில் இருக்க, நோயாளியை ஒரு ஊசியும் போடாமல் தஞ்சாவூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். முதல் 10 குப்பியை அங்கேயே ஏற்றிவிட்டு அனுப்ப வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலம் மருந்து சப்ளை ஆகிறது, இலவசமாகக் கொடுக்கிறோம், குறை அலமாரியில் இல்லை. அதனால்தான் வெண்ணாறிடம் சொல்கிறேன், கோடிக்கணக்கில் பணம் கொட்டித் தேடுகிற மூலக்கூறைவிட இங்கே சரி செய்ய வேண்டியது அதிகம்.

வடவாறு:
சார், இங்கே மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அவசரமாக ஊசி போடச் சொல்கிறீர்கள், அந்த மருந்து ஒவ்வாமை வராத மருந்தாக இருந்தால் சின்ன ஆஸ்பத்திரி டாக்டர் ஏன் பயப்படப் போகிறார்? வார்டுப் பிரச்சினையில் பாதி மருந்துப் பிரச்சினைதான்.

1891ல் வெள்ளம் வந்து நல்ல பாம்புகள் ஊருக்குள் புகுந்து பலரைக் கடித்தன. காவிரி டெல்டாவில் அல்ல, வியட்நாமின் மீகாங் டெல்டாவில், பாக் லியூ பக்கம். அதைப் பார்த்து ஆராயத் தொடங்கிய ஆல்பர்ட் கால்மெத் சில வருஷத்தில் முதல் விஷமுறிவுச் சீரத்தைச் செய்தார். நாம் இன்றைக்கும் அடிப்படையில் அதே வழிதான். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, பிளாஸ்மாவை எடுத்து, பெப்சின் என்ற நொதியால் வெட்டிச் சுத்தம் செய்கிறோம். சுத்தம் கூடியிருக்கிறது, வழி மாறவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். பிரேசில் விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து கேப்டோபிரில் என்ற ரத்தக்கொதிப்பு மருந்து பிறந்தது, 1981ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த வழியில் வந்த எனலாபிரில், ராமிபிரில் எல்லாம் இன்று தஞ்சாவூர் மருந்துக் கடைகளில் மளிகைச் சாமான் போல ஓடுகின்றன. நம் சுருட்டை விரியனின் விஷப் புரதத்தை மாதிரியாக வைத்துச் செய்த டிரோபிபான், மாரடைப்பு வார்டில் 1998 முதல் இருக்கிறது. பாம்பு விஷத்திலிருந்து ரத்தக்கொதிப்புக்கும் மாரடைப்புக்கும் மருந்து வந்துவிட்டது. பாம்பு கடித்தவனுக்கு மட்டும் குதிரைச் சீரம். ஏனென்றால் மாத்திரையை ஆயுள் முழுக்கத் தினம் வாங்குகிறவன் வாடிக்கையாளர், ஒரு தடவை கடிபட்டுத் தர்ம ஆஸ்பத்திரிக்கு வருகிற கூலியாள் வாடிக்கையாளர் அல்ல. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்தார்கள் என்று ஒரு பெரிய கணக்கெடுப்பு மதிப்பிட்டது. வேறு எந்த நோயாக இருந்தாலும் இந்த எண்ணிக்கைக்கு எத்தனை மருந்து வந்திருக்கும்!

வெட்டாறு:
இது நெத்தியடி.

வெண்ணாறு:
வடவாறு அண்ணா, வட்டாரத்துக்கு வட்டாரம் விஷம் மாறுகிறதாமே, நம் ஊர்ப் பாம்புக்கு நம் ஏ.எஸ்.வி. சரியாகப் பொருந்துமா?

வடவாறு:
நாடு முழுக்க ஏ.எஸ்.வி. செய்யப் போகிற விஷத்தில் பெரும்பகுதி நீண்ட காலமாகச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் வருகிறது, 1978ல் தொடங்கியது. அவர்கள் பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023ல் பத்மஸ்ரீ கிடைத்ததே, அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள்தான். ஆகவே ராஜஸ்தான்காரனைவிடத் தமிழ்நாட்டுக்காரன் நிலைமை பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் டெல்டாவின் நன்செயில் வாழ்கிற விரியனின் விஷத்தைத் தனியாக எடுத்து ஒப்பிட்டால்தான் உறுதியாகப் பேசலாம்.

வட்டார வேற்றுமையைத் தாண்டுகிற வேலையும் நடக்கிறது. மூன்று விரல் நச்சுகள் பலவற்றை ஒரேயடியாகப் பிடிக்கிற 95மேட்5 என்ற செயற்கை எதிர்ப்புப் புரதத்தை 2024ல் அறிவித்தார்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதே நச்சுகளைப் பிடிக்கிற புரதங்களைக் கணினியில் வடிவமைத்து 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள், முந்தின வருஷம் நோபல் வாங்கிய டேவிட் பேக்கரின் குழு. இரண்டும் இன்னும் எலியைத் தாண்டவில்லை.

கோரையாறு:
சரி, எலியைத் தாண்டி வரும்போது வரட்டும், வரவேற்போம். அதுவரை கட்டுவிரியன் கடித்தவனைப் பற்றி யோசி. தரையில் பாய் போட்டுப் படுத்தவனை ராத்திரி கடிக்கும், வலியே இராது, காலையில் வயிற்று வலி என்று வருவான், கண் இமை தொங்கும். அந்த விஷம் நரம்பு முனையையே கெடுத்துவிடுவதால் தாமதமாகப் போட்ட ஏ.எஸ்.வி. சரி செய்யாது, வென்டிலேட்டர்தான் காப்பாற்றும். நல்ல பாம்பு விஷம் என்றால் நியோஸ்டிக்மின் என்ற ஊசிக்கு அசைந்து கொடுக்கும், கட்டுவிரியன் பெரும்பாலும் கொடுக்காது. எது என்று தெரியாமல் வயிற்று வலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினால் எந்தக் கணினிப் புரதமும் உதவாது.

அரசலாறு:
இருவரும் சண்டையை நிறுத்துங்கள், பையன் பிராஜெக்ட் கேட்டான். வெண்ணாறு, 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. தனியார் ஆஸ்பத்திரியும் தகவல் கொடுத்தாக வேண்டும். ஆகவே இனிமேல் பதிவு இருக்கும். உன் தலைப்பு: கடித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி, வந்த நேரத்துக்கும் முதல் குப்பி ஏறிய நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி. இரண்டாவதுதான் நம் கையில் இருப்பது. எங்கே நின்றது என்று பார்: டாக்டர் வரவா, குழாய்க்கா, குப்பி கரைக்கவா, மருந்து கேட்கும் இன்டென்ட் சீட்டில் கையெழுத்துக்கா.

வடவாறு:
அருமையான தலைப்பு, புது மருந்துக்காரர்களுக்கும் இதுதான் வேண்டும். கடிபட்டு எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறான் என்று தெரியாமல் "சீக்கிரம் கொடுத்தால் வேலை செய்யும்" என்கிற மாத்திரைக்கு அடுத்த சோதனையை எப்படித் திட்டமிடுவது? பேட்ச் நம்பரையும் குறித்துக்கொள், எந்தப் பேட்சில் ஒவ்வாமை அதிகம் என்று பார்க்கலாம்.

கோரையாறு:
பேட்ச் நம்பர் கேஸ் ஷீட்டில் இருக்காது, மருந்தக ரிஜிஸ்டரில் தேட வேண்டும். காலி குப்பியைத் தூக்கிப்போடும் முன் லேபிளைக் கிழித்து கேஸ் ஷீட்டில் ஒட்டச் சொல்லிப் பார், நர்ஸ்கள் மனசு வைத்தால் நடக்கும். ஒவ்வாமை வந்தால் மருந்துப் பாதிப்புப் படிவத்தை நிரப்பி உன் கல்லூரியின் மருந்துப் பாதிப்புக் கண்காணிப்பு மையம் வழியாக அனுப்பு, ஏ.எஸ்.வி.க்கு அது அநேகமாக வருவதே இல்லை.

வெண்ணாறு:
நன்றி சார், நன்றி அக்கா, அண்ணா. அப்படியானால் நாளைக்கே வார்டில் பழைய கேஸ் ஷீட் எல்லாம் எடுத்துப் பார்க்க ஆரம்பிக்கிறேன்.

அரசலாறு:
நாளைக்கே வேண்டாம். முதலில் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுது, அனுமதி வராமல் ஒரு ஷீட்டையும் தொடாதே. விண்ணப்பத்தை எழுதி முடித்ததும் இங்கே போடு, நான் படித்துச் சொல்கிறேன்.